இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஆறு தெருக்கள் என் பொறுப்பு. அங்கே சுகர், பிரஷர் உள்ளவர்கள் முந்நூற்று நாற்பது பேர். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் போன வருஷம் எங்கள் தொண்டு நிறுவனம் போன் குரலைக் கொண்டுவந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலை ஏழு மணிக்கு எல்லார் போனுக்கும் ஒரு பெண் குரல் வரும். மாத்திரை போட்டீர்களா, நடந்தீர்களா, டீ காப்பியில் சர்க்கரை சேர்த்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். பதில் ஒழுங்காக இருந்தால், "சபாஷ்! இன்று உங்களுக்கு ஒரு நட்சத்திரம்" என்று கொஞ்சும். என் போனில் அவர் பெயர் பச்சையாகிவிடும். சிவப்பாக இருக்கிறவர்களை மட்டும் நான் நேரில் போய்ப் பார்த்தால் போதும்.

பிளாரன்ஸ் அக்கா நாலு மாதமாகப் பச்சை. மீன்பிடித் துறைமுகத்தில் நண்டு தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். முன்பு வாரம் ஒரு தரம் போய் அவள் காலைப் பார்ப்பேன். பச்சையான பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கட்டிலில் அக்கா. வலது கால் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. நண்டு ஓடு கீறிப் பத்து நாளாகிறதாம், வலியே தெரியவில்லையாம்.

"சுகர் நானூத்திப் பன்னெண்டு. உங்க லிஸ்ட்ல உள்ளவங்கதானே? என்னதான் பாக்குறீங்க?" என்று டாக்டர் என்னைப் பிடித்துக் கடித்தார்.

எனக்கு அக்கா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க்கா, தினமும் போன்ல பொய்யா அமுக்குனீய? சர்க்கரை போடலன்னுதான சொன்னீய?"

"மாதா மேல சத்தியமா போடல. சர்க்கரை பொங்கலுக்குல்லா போடுவாவ. முந்தி காப்பிக்குக் கருப்பட்டி போடுவேன். போன்ல அந்தப் பிள்ளை தினமும் சர்க்கரை சர்க்கரைன்னு கேக்குதே, ரெண்டும் ஒரே வகையறாதானன்னு கருப்பட்டியையும் விட்டுட்டேன். இப்பம் சீனிதான் போடுதேன்."

"எவ்வளவு?"

"மூணு கரண்டி. அந்த ருசி வரணும்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்விகள் பெங்களூரிலிருந்து வந்தன. தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊர் மில்லர்புரம். வீட்டில் நானும் சீனி என்றுதான் சொல்வேன்; எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற வெல்லச் சர்க்கரை. அச்சடித்த தாளில் பார்த்ததும், படித்தவர்கள் சீனியைத்தான் சர்க்கரை என்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். சீக்கிரம் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு என் கவலை.

வராண்டாவுக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த மாச அப்டேட்ல மாத்திடலாம் மேடம்" என்றது ஒரு இளம் குரல். "அதுவரைக்கும்..." என்று ஆரம்பித்தேன். வைத்துவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை. என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருநூற்றுப் பதினொரு பேர் பச்சை.

மறுநாள் காலை விரலை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் பாதம் தப்பிக்கும் என்று டாக்டர் சொன்னார். அக்கா வெறுமனே தலையாட்டினாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தக் கேள்வியைச் சரியென்று விட்டவள் நான், தப்பு என்னுடையது என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"கேள்வி கெடக்கட்டும் பொன்செல்வி. நீ ஒரு தரம் வீட்டுக்கு வந்திருந்தா ஒனக்கும் ஒரு காப்பி போட்டுத் தந்திருப்பேன்லா. சீனிய அள்ளும்போதே என் கையப் புடிச்சிருப்பியே, ஏளா."