கூக்கால் பஸ்ஸில் வந்த பாட்டில்

ஒட்டன்சத்திரம் மண்டிக்கு முட்டைக்கோஸ் இறங்குவதுபோல, எண்பத்து மூன்றாம் வருஷம் மலைக்காரர்களின் ரத்தமும் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு மலையில் மூன்று ஆஸ்பத்திரிகள். மூன்றுக்கும் தனித்தனி லேப் எதற்கென்று கணக்குப் பார்த்து, திண்டுக்கல்லில் ஒரே பெரிய லேபாகக் கட்டிவிட்டார்கள். அங்கே மெஷின் இருந்தது. ஊர்ப்பட்ட ரத்தத்தை ஒரே மூச்சில் பார்த்து, காகிதத்தில் நம்பராக அடித்துத் தள்ளும். தப்பு வராது. குறை சொல்ல முடியாத சாமான் என்றாலே காசிநாதனுக்கு ஆகாது. பேரம் பேச அதில் எங்கே இடம்?

காசிநாதன் கொடைக்கானல் ஆஸ்பத்திரியின் லேப்காரர். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். கடை அண்ணனுக்குப் போனது. மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். இவர் பங்குக்கு வந்தது லேப் வாசலில் கிடந்த பெஞ்சும், ரிசல்ட் வரும்வரை அதில் உட்கார்ந்து வாயடிக்கும் ஆட்களும்தான்.

அதில் வியாழக்கிழமை ஆள் மூக்கையா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கூக்காலில் உருளைக்கிழங்குக் காட்டில் கூலி வேலை, ஒண்டிக்கட்டை, சர்க்கரை வியாதி. காசிநாதன் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, மூக்கையாவின் மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் மாறாது. இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும். சர்க்கரை எக்கச்சக்கமாகக் கிடந்தால் செங்கல் நிறத்துக்கே போகும். இரண்டு பேரும் சேவல்கட்டுப் பார்ப்பதுபோல் குழாயைப் பார்ப்பார்கள்.

"பச்சையோட நிறுத்துங்க தம்பி. பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார் மூக்கையா.

"கட்டுப்படியாகாதுண்ணே" என்பார் இவர்.

திண்டுக்கல் லேப் வந்ததும் விளக்கு அலமாரிக்குள் போனது. பெஞ்சைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கினார்கள். ரத்தம் எடுக்க ஒரு நிமிஷம். பெட்டி பஸ் ஏறும், நம்பர் பின்னால் வரும். குத்திய கையைத் தேய்த்துக்கொண்டே ஜனங்கள் போய்விட்டார்கள். மூக்கையா மட்டும் ஊர் திரும்பும் மத்தியான பஸ் வரை ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார்.

மெஷின் அவருக்கு நல்ல நம்பராகவே கொடுத்தது. இன்னும் ஓரிரு தடவை இப்படியே வந்தால், மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் தமயந்தி சொன்னார். சொல்லி வைத்ததுபோல அடுத்த வியாழக்கிழமை நம்பர் எகிறியது. அதற்கடுத்த வாரமும். டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கிச் சீட்டு எழுதினார்.

அந்தச் சீட்டோடு வந்து பெட்டியில் உட்கார்ந்த மூக்கையாவின் முகத்தில் சீக்காளியின் கவலை இல்லை. விலை போகாத சரக்கைத் தள்ளிவிட்டவனின் தெளிவு இருந்தது. கடைத்தெருவில் வளர்ந்த காசிநாதனுக்கு அது பழகிய முகம். கண்ணை மூக்கையாவின் பைக்கு இறக்கினார். உள்ளே ஒரு டப்பா. தைப்பூசத்துக்கு அண்ணன் கடையிலிருந்து வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி இவரே தந்த பஞ்சாமிர்தம்.

"வெள்ளனே எந்திரிச்சு இதைத் தின்னுட்டுத்தான் ரத்தம் குடுக்க வந்தீங்களாண்ணே?"

"ரெண்டு கரண்டிதான். மிச்சம் பிள்ளைகளுக்குத்தான்."

"எதுக்குங்கறேன்?"

மூக்கையா பெட்டியின் மூடியைத் தடவினார். "மூணு மாசம்னா ரொம்பத் தூரத்துல கெடக்கு தம்பி."

காசிநாதன் தனக்குள்ளேயே பேரம் பேசினார். வாயை மூடிக்கொண்டால் வியாழக்கிழமைகள் தங்கும். ஆனால் டப்பா தீர்ந்த பிறகு, இரட்டை மாத்திரை சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். கூக்கால் குடிசையில் மயங்கி விழுந்தால் தூக்க நாதியில்லை. எழுந்து போய் டாக்டரிடம் சொன்னார். சீட்டு கிழிந்தது. பழைய மாத்திரையே போதும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

"வியாழக்கெழம சும்மா வாங்கண்ணே."

"சும்மா எப்பிடி வர்றது? பஸ்ஸுல ஏறுனா என்ன சோலியாப் போறீங்கன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரின்னா பேசாம இருப்பாங்க. பேசிட்டு வரப் போறேன்னா சிரிப்பாங்க."

"எங்கிட்ட ஒரு சோலின்னு சொல்லுங்க."

"என்ன சோலி?"

எந்தச் சரக்குக்கும் ஒரு பேர் சொல்லி விற்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்தான். இதற்கு ஒரு பேர் அகப்படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கூக்கால் பஸ் வந்தது. மூக்கையா வரவில்லை. கண்டக்டர் பொன்னுவேல் துணியில் சுற்றிய பாட்டிலோடு லேப்புக்கு வந்தார்.

"மூக்கையா குடுத்துவிட்டாரு. ரத்தமே தனியா பஸ்ஸேறிப் போகுது, மூத்திரம் போகக் கூடாதான்னு கேக்குறாரு. பாத்து வைக்கணுமாம்."

டாக்டர் சீட்டு இல்லாத பாட்டிலைத் திண்டுக்கல் பெட்டியில் ஏற்ற முடியாது. காசிநாதன் அலமாரியிலிருந்து விளக்கை எடுத்துத் தூசி தட்டிப் பற்றவைத்தார். குழாய் கொதித்தது. பச்சை தட்டுமா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் சூடு காட்டினார். நீலம் நீலமாகவே நின்றது. பக்கத்தில் விலை குறைக்கச் சொல்ல யாருமில்லை.

மத்தியான பஸ் கிளம்பும்போது பொன்னுவேல் படியில் நின்று, என்ன சொல்லட்டும் என்று கேட்டார். மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார். அது நாக்கு நுனி வரை வந்தது.

"நீலம்னு சொல்லுங்க."

கழுவித் துடைத்த பாட்டிலை அதே துணியில் சுற்றி நீட்டினார். காலிப் பாட்டில் எதுக்கு என்றார் பொன்னுவேல்.

"அவரு சாமான். வெரசாக் குடுத்துருங்க, அடுத்த வாரம் வேணும்ல."