களவு போன யெஸ்டி

வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த யெஸ்டி பைக்கை எல்வின் விலை பேசி வாங்கி வந்தபோது, அதற்கு சீட் கிடையாது. டேங்கில் ஓட்டை. கொடைக்கானலில் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன் அவன். மழை மாதங்களில் சவாரி இருக்காது, சும்மா உட்கார முடியாமல்தான் அதில் கைவைத்தான். இரண்டு வருஷம் இழுத்துவிட்டது. "என் மூஞ்சியவிட அந்த இஞ்சினத்தான் அதிகம் பாத்திருப்பீங்க" என்பாள் மனைவி ஜெனி. போன பங்குனியில் ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் ரோட்டில் இறக்க முடியவில்லை. ஆர்.சி. புக் இல்லை.

சேஸி நம்பரை உப்புத்தாளால் தேய்த்துக் கண்டுபிடித்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தான். பழைய ரிஜிஸ்தரில் ஒரே பெயர்தான் இருந்தது: சேனாதிபதி, கூக்கால். தொண்ணூற்று மூன்றாம் வருஷப் பதிவு. அதற்கப்புறம் யார் பெயருக்கும் மாறவில்லை.

"இவர் கையெழுத்துப் போட்டா மாத்திரலாம்" என்றார் கிளார்க்.

இரும்புக் கடைக்காரரும் வண்டியோடு வந்த ஒரு முத்திரைத்தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 'என் அண்ணன் சேனாதிபதியின் சம்மதத்தின் பேரில் இந்த வண்டியை விற்றேன்' என்று எழுதி, கீழே குமரகுரு என்று கையெழுத்து. தேதி தொண்ணூற்றொன்பது. இனி வேலை சுலபம் என்று எல்வின் நினைத்தான். தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜீப்பில் கூக்காலுக்குப் போனான்.

சேனாதிபதி வாசலில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். போனில் வண்டி ஓடுகிற வீடியோவைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ அன்னக்கொடி, இங்க வா! களவு போன நம்ம வண்டி கெடச்சிருச்சு!"

அவர் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"களவு போகலையே ஐயா" என்று எல்வின் முத்திரைத்தாளை நீட்டினான். "ஒங்க தம்பி வித்திருக்காருல்ல?"

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "குமரகுரு கையெழுத்துதான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"அப்ப சிலுவைராஜ்?" என்றாள் அன்னக்கொடி. "அந்தச் சிலோன்காரர் மகன்? அவன்தான் எடுத்தான்னு கட்டிவச்சு அடிச்சீங்களே. போலீசுல குடுத்தீங்களே."

"உள்ள போ."

அவள் போகவில்லை. பக்கத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சேனாதிபதி எழுந்து போய்த் தாளை அதற்குள் போட்டார். எல்வின் எழுவதற்குள் அது சுருண்டு கருகிவிட்டது.

"என் தம்பிக்குத்தான் இன்னைக்கு இந்த ஊருக் கோயில்ல பரிவட்டம் கட்டுறாக. அவன் மக கல்யாணம் வருது. இனிமே போய்க் கிண்டச் சொல்றீங்களா? அது களவு போன வண்டி. அம்புட்டுத்தான். வெரசாக் கெளம்புங்க."

ஜீப் வரைக்கும் அன்னக்கொடி பின்னாலேயே வந்தாள். "வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுசுல இருக்கானாம். அவன்கிட்டயாவது சொல்லிருங்க தம்பி" என்றாள்.

இது தன் சோலி இல்லை என்று எல்வின் இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தான். முடியவில்லை. மூன்றாம் நாள் வட்டக்கானலுக்கு இறங்கினான்.

சிலுவைராஜ் துவைத்த பெட்ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு, ஒல்லியான ஆள். எல்வின் பேச ஆரம்பித்ததும் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். "எடது காது கேக்காது தம்பி. அன்னைக்கு அடிச்சதுல போச்சு."

எல்வின் போனைக் காட்டினான். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கொடியில் பாதி தொங்கிய பெட்ஷீட் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"நாந்தான் வாராவாரம் அந்த வண்டியத் தொடச்சு வைப்பேன்" என்றார். "அதனாலதான் என்னயச் சொன்னாங்க. ரெண்டு மாசம் ஜெயிலு. சாட்சி இல்லன்னு விட்டாங்க. அப்புறம் ஊருல வேல இல்ல. எங்கப்பாவுக்கும் கெடைக்கல." கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "குருசுமேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். எங்கப்பா நம்பல தம்பி. கண்ண மூடுறதுக்கு முந்துன நாளு, 'வண்டிய எங்கடா வித்த, இப்பவாச்சும் சொல்லு'ன்னு கேட்டாரு."

எல்வின் ஜீப் சாவியை எடுத்தான். "வாங்கண்ணே, ஸ்டேஷனுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன்."

"வேணாம். இந்தப் படத்த மட்டும் பிரிண்ட் போட்டுக் குடுங்க. எம் பொண்டாட்டிகிட்ட காட்டணும். அவளும் முழுசா நம்புனதில்ல."

பிரிண்ட் போட்டுக் கொடுக்க நேரம் வாய்க்கவில்லை. சேனாதிபதி அதற்குள் முந்திக்கொண்டார். களவு போன தன் வண்டி எல்வினிடம் இருக்கிறது, பழைய திருடன்தான் விற்றிருப்பான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து யெஸ்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்வின் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினான். அங்கே பெஞ்சில், ஈரம் காயாத லுங்கியோடு சிலுவைராஜ் உட்கார்ந்திருந்தார்.

எஸ்.ஐ. போனில் இருந்த படத்தைப் பார்த்தார். "ஒரிஜினல் எங்க?"

"அவரு எரிச்சிட்டாரு சார்."

"அப்படி எரிச்சதுக்குச் சாட்சி?"

அன்னக்கொடி பெயரை எல்வின் சொன்னான். போன் போட்டுக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

சாயங்காலம் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கூப்பிடும்போது வரவேண்டுமாம். யெஸ்டி ஸ்டேஷன் முற்றத்தில் மழையில் நின்றது. அதைச் சேனாதிபதி எடுத்துக்கொண்டு போகட்டும், எங்கேயோ போகட்டும் என்று எல்வினுக்கு இருந்தது. அதன் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஜீப்புல ஏறுங்கண்ணே, கொண்டுபோய் விடுறேன்."

"எங்க கொண்டுபோவீங்க?" என்றார் சிலுவைராஜ். "போலீசு வந்து கூட்டிட்டுப் போன ஆள ரூம் பக்கம் விடமாட்டேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. பதினாறு வருசம் அங்க இருந்தேன் தம்பி. யாருக்கும் எதுவும் தெரியாது. நல்லாத்தான் இருந்தேன்."

"அண்ணே" என்று எல்வின் கூப்பிட்டான். அவன் நின்றது அவருடைய இடது பக்கம். அவர் திரும்பவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.