தானாக அடிக்கும் ஷட்டர்

பழைய கேமராக் கடையில் அவரைக் காதுக்காரர் என்றால்தான் தெரியும். ஃபிலிம் கேமராவைக் காதோரம் வைத்து ஷட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எந்த வேகம் நொண்டுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிரும் உண்டு. கோளாறு விஷயத்தில் பெற்ற தகப்பனிடம்கூடப் பொய் சொன்னதில்லை என்று சொல்லிச் சொல்லியே கடையில் எல்லோர் உயிரையும் வாங்குவார்.

அன்று காலை வயதான கணவன் மனைவி வந்தார்கள். பெரியவர் கேமராவை மேசையில் வைத்துவிட்டு, சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“என் பையனோடது தம்பி. அவன் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அலமாரிக்குள்ள கிடக்கிறது, தானா அடிக்குது. கோளாறுதானான்னு பாத்துச் சொல்லுங்க. கோளாறுன்னா நீங்களே வாங்கிக்கங்க.”

“கோளாறு இல்லன்னா?”

“அப்போ அவனை எப்படி வித்துட்டுப் போறது?” என்றார் பெரியவர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரைப்போல வெளியே போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காதுக்காரர் லீவரை இழுத்தார். ஒரு நொடி வேகம் கச்சிதமாக இருந்தது. லென்ஸில் பூஞ்சை இல்லை. பின்மூடி இறுக்கமாக மூடியது. கடைசியில், சற்று நேரம் கழித்து ஷட்டரைத் தானாக அடிக்கவைக்கும் செல்ஃப் டைமரை முடுக்கினார். ‘கிர்ர்’ என்று கிளம்பியது பாதி வழியில் நின்றுவிட்டது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. விளக்கடியில் வைத்துச் சூடு காட்டியதும், மறந்துபோன காரியம் ஞாபகம் வந்ததுபோல் மீதியை ஓடி முடித்து ‘டக்’ என்றது.

“இவ்வளவுதாம்மா! குளிர்ல நிக்கும், மத்தியான வெக்கையில அவுந்துக்கும். பேயுமில்ல, பிசாசுமில்ல. ஆனா ஒரு தடவ அடிச்சா அதோட சரி. மறுபடி அடிக்கணும்னா யாராவது லீவரை இழுத்து...”

சொல்லும்போதே அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

“நான்தான் தம்பி இழுக்கிறேன்,” என்றார் அம்மா. “ஒரு நாள் தூசி தட்டும்போது எதுலயோ கை பட்டுடுச்சு. மத்தியானம் அடிச்சது. சத்தம் கேட்டு அவர் ‘குட்டி?’ன்னு கூப்பிட்டார். புள்ள போனதுக்கப்புறம் அவர் வாயில அந்தப் பேர் வந்தது அன்னிக்குத்தான். அது அடிச்சாத்தான் கூப்பிடுறார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், சொல்லிடாதீங்க.”

இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர் ஒரு பக்கம், இந்தம்மாவின் கண்கள் ஒரு பக்கம். பெரியவரை உள்ளே கூப்பிட்டார்.

“நல்லாப் பாத்துட்டேங்க. எந்தக் கோளாறும் இல்ல.”

பெரியவர் முகம் செத்துவிட்டது. கேமராவைப் பையில் போட்டார். அம்மா முன்னால் படியிறங்கிப் போனார். பெரியவர் மட்டும் திரும்பி வந்தார்.

“அவ முடுக்கி வைக்கிறாங்கிறது எனக்குத் தெரியும் தம்பி. ஒரு நாள் கண்ணால பாத்தேன். அவ மனசுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் அவன் பேரைக் கூப்பிடுறேன்.”

“அப்புறம் ஏங்க இதைக் கொண்டுவந்தீங்க?”

“போன வாரம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நாலு நாள் நான் தனியாத்தான் இருந்தேன். அப்பவும் அடிச்சது.”

காதுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா புறப்படும்போது முடுக்கி வைத்தது வெக்கையில் அவிழ்ந்திருக்கும், வேறென்ன! பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு கேமராவை வாங்கி வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

“ரெண்டு தடவ அடிச்சது,” என்றார் பெரியவர். “முதல் தடவ கூப்பிட்டேன். ரெண்டாவது தடவ கூப்பிடல. பெத்த புள்ளைக்கே பயந்துட்டேன் தம்பி.”

கேமராவை வாங்க நீட்டிய கையைக் காதுக்காரர் இழுத்துக்கொண்டார். பெரியவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.