கீழிமைக்குள் ஒரு லென்ஸ்

மாடியிலிருக்கும் லேபிலிருந்து லாசரஸ் சார் போனில் கேட்டார். "கட்டிய எடுக்கும்போது கத்தி கண்ணுக்குள்ள போயிடுச்சா மேடம்? நீங்க அனுப்பின சதையில கண்ணோட லென்ஸ் இருக்கு."

அவர் முப்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் சதை பார்ப்பவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஐந்து மாதக் குழந்தை ஜெர்சனுக்குக் கீழிமையில், மூக்கை ஒட்டி, பிறந்ததிலிருந்தே கெட்டியாக ஒரு கட்டி. சாதாரணக் கட்டிதான், பயப்படாதே என்று அவன் அம்மா ஜென்சியிடம் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொல்லி, பத்து நாளுக்கு முன்பு நான்தான் எடுத்தேன். கண்ணைத் தொடவே இல்லை. தொடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஆபரேஷன் குறிப்பை இரண்டு தடவை எடுத்துப் படித்தேன். லென்ஸ் போயிருந்தால் அந்தக் கண் போன மாதிரிதான்.

சும்மா ஒரு செக்கப் என்று வரச் சொன்னேன். சிட்லபாக்கத்திலிருந்து அரை மணியில் வந்துவிட்டாள். கருமணி விரிய மருந்து விட்டுக் காத்திருந்தபோது அவளாகவே பேசினாள்.

"டாக்டர், முன்னாடி இவன் நல்லா தூங்கினாக்கூட, நான் ரூம்ல நடந்தா கட்டி இருந்த பக்கத்து முகம் என்கூடவே திரும்பும். இவன் அப்பா ஆஸ்டின் பாத்துட்டு பயந்துட்டாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்பறதே இல்ல."

"காலடிச் சத்தம் கேட்டிருக்கும்மா."

"காது இப்பவும் நல்லாதான கேக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது, தெளிவாக. இரண்டு கண்ணிலும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். பிறகு என் பயத்தையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கருவில் கண் உருவாகும்போது லென்ஸாக வேண்டிய சதையில் கொஞ்சம் சில சமயம் வழி தவறி இமையில் தங்கிவிடும், ரொம்ப அபூர்வம், கெடுதல் இல்லாத கட்டி, முழுசாக எடுத்தாகிவிட்டது.

"அப்ப அதுவும் பாத்துகிட்டு இருந்துச்சா?"

"லென்ஸ் மட்டும் பாக்காதும்மா. பின்னாடி நரம்பு வேணும்."

தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

"அத எங்க வெச்சிருக்கீங்க?"

"மெழுகுல பதிச்சு, மேல லேப் அலமாரில."

"உள்ள இருட்டா இருக்குமா டாக்டர்?"

அடுத்த செக்கப் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தாள். மருந்தில் அகல விரிந்த கண்களோடு ஜெர்சன் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும்வரை மாடிப்படியையே பார்த்துக்கொண்டு போனான்.