ஒரு நாள் முந்திய பாட்டு

என் பொண்டாட்டி ஓட ஆரம்பித்த புதிதில் எங்கள் ஊர் ம்டன்சானேயின் டாக்ஸி ஸ்டாண்ட் முழுக்க ஒரே கேள்விதான். "லுதாண்டோ, உன் வீட்டுக்காரி யார்கிட்டருந்துடா ஓடுறா? உன்கிட்டருந்தா?" இதைச் சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவன்களில் ஒருத்தனுக்காவது மூச்சு வாங்காமல் வீட்டு மாடிப்படி ஏறத் தெரியுமா?

நொசூகோவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பிள்ளைகள் மூன்று. மூத்தவள் அனாத்திக்குத் தினமும் ஒரு பரீட்சை, நடுவுள்ளவனுக்கு இழுப்பு, கடைக்குட்டிக்கு எதற்கெடுத்தாலும் அம்மா. வியாழக்கிழமை சாயங்காலமானால் சபையில் அம்மாக்கள் ஜெபக்கூட்டம். சிவப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, எல்லாம் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்க வேண்டும். அங்கே பாட்டெடுத்துக் கொடுப்பவள் நொசூகோ. அவள் முதல் அடியை எடுக்காமல் எங்கள் சபையில் ஒரு வாய் திறக்காது. இத்தனைக்கும் நடுவில் ஓட்டத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது? விடிவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம்தான் மிச்சம்.

இருட்டில் தனியாக ஓட நான் விடுவேனா? அவள் முன்னால் ஓடுவாள். நான் பின்னாலேயே என் டாக்ஸியை, பதினைந்து பேர் ஏறுகிற வேனை, உருட்டிக்கொண்டு, ஹெட்லைட்டை அவள் காலடியில் அடித்துக்கொண்டு போவேன். பிள்ளைகள் பின்சீட்டில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கும். வழியில் தொழிற்சாலை முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கையைக் காட்டுவார்கள், ஏற்றிக்கொள்வேன். ஏறிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணே, இது டாக்ஸியா, சவ ஊர்வலமா?"

"ஏறினா வாயை மூடிக்கிட்டு உக்காரு. அவசரமா இருந்தா இறங்கி அவகூட ஓடு."

ஒருத்தனும் இறங்கியதில்லை. மேட்டுச் சாலை வந்ததும் அவளே திரும்பிப் பார்த்து, முன்னே போங்க என்று கையை வீசுவாள். அதற்குள் கிழக்கு வெளுத்திருக்கும்.

அவளிடம் கடிகாரம் கிடையாது. அவளுக்குக் கணக்கு ஒரு பாட்டு. ஈஸ்டர் விடியலில் நாங்கள் எங்கள் கோசா மொழியில் பாடும் பாட்டு, கல்லறைக் கல் புரண்டதைப் பற்றியது. அம்மாக்கள் உள்ளங்கையளவு தோல் மெத்தை ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டே பாடுவார்கள். அந்தத் தட்டுதான் அவள் காலுக்குத் தாளம். வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓடுவாள். பாட்டு சீராக இருந்தால் ஓட்டமும் சீராக இருக்கும். நாள் போகப் போக என் வண்டியில் வந்தவர்களும் சீட்டின் முதுகில் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். சவ ஊர்வலம் என்று சொன்ன அதே ஆள்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினான்.

ஒரு தடவை கேட்டேன், எதுக்கு இவ்வளவு அடம் என்று. அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"பகல் முழுக்க ஊரான் அழுக்கைத் துவைக்கிறேன், அனாத்தி அப்பா. வீட்டுக்கு வந்தா உங்க அழுக்கு. அந்த ரோட்டுல மட்டும்தான் நானும் ஆண்டவரும். வேற யாரும் என்கிட்ட எதையும் கேக்க மாட்டாங்க."

கஞ்சியைக் குடித்துவிட்டு என் தட்டை நானே கழுவினேன்.

சிக்கல் வந்தது அவள் பேர் கொடுத்திருந்த மாரத்தான் தேதியால். கீழே கடலோரப் பட்டணத்தில் நடக்கும் ஓட்டத்தைப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமையில் வைத்துவிட்டார்கள். அம்மாக்கள் சங்கத்துக்குத் தலைவி மம்தோலோ அம்மா. வெள்ளைத் தொப்பிக்குக் கீழே அந்த முகத்தைப் பார்த்தால் போதகரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். வியாழக்கிழமை கூட்டம் முடிந்து மனைவியை ஏற்றிக்கொள்ள வாசலில் வண்டிக்குள் காத்திருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"ஆண்டவர் கல்லறையில கிடக்கிற நாள்ல தொடை தெரிய ஓடப் போறியாடி?"

"தெரியாதும்மா. பழைய யூனிஃபார்ம் பாவாடையை வெட்டி ஓடுறதுக்குத் தச்சு வெச்சிருக்கேன்."

"யூனிஃபார்மை வெட்டினியா!"

போச்சு என்று நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு மம்தோலோ அம்மாவின் குரல் இறங்கி வந்தது.

"போன மாசம் ஜெபத்துல முழங்கால் போட்டபடியே தூங்கிட்டே. நான் பாக்கலேன்னு நெனச்சியா? நீ ரெண்டாக் கிழியறதைப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு முடியல மகளே. ஒண்ணு செய். ஓடு. துப்பாக்கி வெடிக்கிறதுக்கு முன்னாடி வந்து சேந்துட்டா, இந்தச் சபையில இனிமே ஒரு நாக்கும் உன் ஓட்டத்தைப் பத்திப் பேசாது. வெடிச்ச பிறகு வந்தேன்னா, அந்த ஷூவைக் கொண்டாந்து நம்ம பழைய சாமான் விற்பனையில போட்டுடணும். அதோட ஓட்டத்தை மறந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்மா," என்றாள் என் மனைவி. இப்படி ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொள்ளுமுன் புருஷனை ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா? கேட்கவில்லை.

துப்பாக்கி என்றால் இதுதான். ஐந்து மணி நேரம் முடிந்ததும், முடிவுக் கோட்டில் ஒரு ஆள் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று வானத்தைப் பார்த்துச் சுடுவார். யாருக்கு மெடல் இல்லையென்று ஆக்குகிறோம் என்பதைப் பார்க்கக் கூடாது என்றுதான் முதுகைக் காட்டி நிற்பது. அதற்கப்புறம் ஓரடி பின்னால் வந்தாலும் மெடல் கிடையாது.

பெரிய வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிப் பேச நொசூகோவுக்குக் கொடுத்திருந்தார்கள். "தாகமாயிருக்கிறேன்." மறுநாள் அவ்வளவு தூரம் ஓட வேண்டியவள், அன்றைக்கு எல்லோரையும் போல மூன்று மணி நேர ஆராதனை முடியும்வரை சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்கவில்லை. சிவப்புச் சட்டையில் எழுந்து நின்று கொஞ்சம்தான் பேசினாள்.

"நாம அம்மாமாருங்க கொடுக்கத்தான் பழகியிருக்கோம். கேக்கத் தெரியாது. தாகம்னு வாயைத் திறந்து சொல்றது கேவலம்னு நெனைக்கிறோம். வானத்தையும் பூமியையும் படைச்சவரே கேட்டாரு." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். மம்தோலோ அம்மா தன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, என் வாய் சும்மா இருக்காமல் விளையாட்டாகச் சொன்னேன்: "நாளைக்குப் பட்டணமே உன் பாட்டைக் கேக்கப் போகுது."

கரண்டி பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். அடப் பாவமே! வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததிலிருந்து ஞாயிறு விடியும்வரை எங்கள் சபையார் யாரும் மெத்தை தட்டக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, உயிர்ப்புப் பாட்டு ஒரு அடிகூட வாயில் வரக் கூடாது. பிறந்ததிலிருந்து தெரிந்த கட்டுப்பாடு. ஓட்டம் சனிக்கிழமை என்பதும் தெரியும். இத்தனை மாதமாக இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, என் வண்டியில் தட்டிப் பாடிய அத்தனை மடப்பயல்களுக்கும் தோன்றவில்லை.

"மனசுக்குள்ள பாடிக்கோயேன்."

"மனசுல பாடினா காலுக்குக் கேக்காது."

"நான் போய் மம்தோலோ அம்மாகிட்ட உத்தரவு கேக்கறேன்."

"வேண்டாம். இதுக்கும் போய் நின்னா, ஷூவை இப்பவே கொடுத்துட்டு வரலாம்." அதோடு பேச்சை முடித்துவிட்டாள். மத்தியானம் அத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொன்னவள், தனக்கென்று வந்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொன்னால் அடம் அதிகமாகும் என்று அவள் ஷூ நாடாவைப் புதிதாகக் கோத்து வைத்தேன்.

மறுநாள் அவளை ஓட்டம் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினால், சபை வாசலில் ஒரு வண்டி கொள்கிற அம்மாக்கள் முழு யூனிஃபார்மில் நிற்கிறார்கள்.

"டிரைவரு, கதவைத் திற," என்றார் மம்தோலோ அம்மா. "கடைசி மேட்டுல தண்ணி மேசையை நாங்க எடுத்துக்கிட்டோம். பந்தயம் பந்தயம்தான். அதுக்காக நம்ம பொண்ணு தாகத்துக்கு அசலார் கையைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

மேட்டின் உச்சியில் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மாக்கள் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர்ப் பையை நீட்டிக்கொண்டே ஆண்டவரை அடக்கம் செய்த துக்கப் பாட்டைப் பாடினார்கள். அந்த நாளில் பாடக்கூடியது அது ஒன்றுதான். இழுவையென்றால் அப்படி ஒரு இழுவை. வேகமாக வந்தவர்கள்கூட அந்த இடத்தில் கால் தளர்ந்து, ஏதோ துக்க வீட்டைக் கடப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

நொசூகோவைக் காணவில்லை. நான் மணியைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன், மறுபடி மணியைப் பார்த்தேன். கடைசியில் வளைவில் அந்தக் கறுப்புப் பாவாடை தெரிந்தது. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு கால் போகிறது, இன்னொரு கால் யோசிக்கிறது. அவளைச் சுற்றி அவளைப் போலவே ஒரு கூட்டம், இனி முடியாது என்று முகத்தில் எழுதி ஒட்டியவர்கள். இந்த நடையில் போனால் துப்பாக்கி வெடித்து, சுட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போய்ச் சேருவாள்.

மேசைக்கு வந்து நின்றாள். மம்தோலோ அம்மா தண்ணீர்ப் பையின் முனையைத் தானே கடித்துப் பிய்த்து நீட்டினார்.

நொசூகோ வாங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குத் தண்ணி வேண்டாம். என் பாட்டு வேணும்."

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா, "இன்னைக்குச் சனிக்கிழமைம்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கிழமை தெரியும்," என்றார் மம்தோலோ அம்மா. தண்ணீர்ப் பை அவர் கையிலேயே இருந்தது. நொசூகோவின் காலைப் பார்த்தார், அந்த வெட்டித் தைத்த பாவாடையைப் பார்த்தார். "சிலுவையில தாகம்னு கேட்டவருக்குப் புளிச்ச காடியை நீட்டினாங்க. நான் அந்த வேலையைச் செய்ய மாட்டேன்."

கைப்பைக்குள் கையை விட்டார். வேதப் புத்தகத்துக்கு அடியிலிருந்து தோல் மெத்தையை எடுத்து, இடது உள்ளங்கையில் வைத்து, ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"எடுடி!"

எடுத்தாள். முதல் அடி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது தட்டில் குரல் வந்தது. மூன்றாவது தட்டில் கால் வந்தது! கூடக் கிடந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு தெரியும், தெரியாதவர்களுக்குத் தாளம் போதுமாயிருந்தது. எங்கள் ஊர் ஓட்டங்களில் ஒருத்தர் பாடி வேகத்தைப் பிடித்து மற்றவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதை பஸ் என்போம், முன்னால் போகிறவரை டிரைவர் என்போம். என் கண்ணெதிரே என் மனைவி ஒரு பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள்.

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறியே, வண்டியை எடு!" என்றார் மம்தோலோ அம்மா.

சந்து சந்தாகப் புகுந்து ஓட்டம் முடிகிற ஸ்டேடியத்துக்கு ஓட்டினேன். வண்டிக்குள் அம்மாக்கள் பாட்டை நிறுத்தவேயில்லை, கட்டுப்பாடு காற்றில் போனது போனதுதான். நாங்கள் உள்ளே நுழைந்தபோது துப்பாக்கிக்காரர் ஏற்கனவே முதுகைக் காட்டி நின்றுவிட்டார். கையில் கடிகாரம். கோட்டில் ஒருத்தர் ஒருத்தராக விழுந்தடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் கேட்டது பாட்டுதான். வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது. அந்தத் தாளத்தில் துளி தளர்ச்சி இல்லை. விடியற்காலை ரோட்டில் கேட்டுக் கேட்டு என் ரத்தத்தில் ஊறிய தாளம், எனக்குத் தெரியாதா? "வந்துட்டா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவன் யாரென்றே தெரியாது, அவனைப் பிடித்து உலுக்கினேன். "என் பொண்டாட்டிடா அது! முன்னால வர்றது என் பொண்டாட்டி!"

கறுப்புப் பாவாடை முன்னால் வர, பின்னால் ஒரு பெருங்கூட்டம். மருத்துவச்சி, போலீஸ்காரன், வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர், எல்லோரும், மொழி புரியாதவர்கள்கூட, வாயைத் திறந்து பாடிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் கோட்டைத் தாண்டி, கடைசி ஆளின் குதிகாலும் தாண்டிய பிறகுதான் வெடித்தது. இருபது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்த டிரைவரை நான் பார்த்ததில்லை. அழுதேன். ஆமாம், ஸ்டாண்ட் பயல்கள் இதையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஞாயிறு விடியலில் சபை நிரம்பி வழிந்தது. கல் புரளும் பாட்டை எடுக்க எல்லோரும் நொசூகோவைத் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்புச் சட்டையின் மேல் மெடல் தொங்க எழுந்து நின்றாள். மம்தோலோ அம்மா போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மொத்தக் குரலையும் முந்தின நாள் ரோட்டில் கொட்டிவிட்டு வந்திருந்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

முன்வரிசையில் மம்தோலோ அம்மா எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன எல்லாரும் அவ வாயைப் பாத்துக்கிட்டு? நேத்தே எடுத்தாச்சு. விட்ட இடத்துலருந்து பாடுங்க."

மெத்தையைத் தட்டினார். சபை பிடித்துக்கொண்டது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகப் பாடினேன்.