ஆவடி சைடு ஹெரால்டு

ஹெரால்டு என்கிற அந்தக் காலத்துக் காரின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. காரின் முகம் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். அது எழுந்திருக்காமல் இருக்க பக்கத்துக்கு ஒன்றாக வெளியே லாக் இருக்கும். என் காரில் வலது பக்கம் லாக் இருந்தது. இடது பக்கம் தேங்காய் நார்க் கயிறு இருந்தது.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, சீட்டுக்கு உறை தைத்தாகிவிட்டது. இந்தக் கயிற்றோடு ரோட்டில் இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பானெட் எழுந்து உட்காரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருப்பவர் ஒருவர், “அதே மாதிரி செஞ்சு தரேன் சார், ஒரிஜினல் தோத்துடும்” என்றார். “ஒரிஜினலைத் தோற்கடிக்கவா நான் இத்தனை நாளா அலையறேன்?” என்று கேட்டுவிட்டு வந்தேன். நல்ல மனிதர். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

என் வாய் அப்படி. பெயர் சண்முகசுந்தரம், ஊர் சங்கரன்கோவில். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அதாவது அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தால் சம்பளம். பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. என் மனைவி மைதிலி கோயம்புத்தூருக்குப் போய்த் தனியாக இருக்கத் தொடங்கியதும், கள்ளிக்குப்பத்தில் இந்த ஃப்ளாட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில் நான் உட்காருவேன். எதிரில் இருப்பதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கார் வாங்கினேன். அசோசியேஷனில் உடனே பிரச்சினை. ஓடாத வண்டிக்கு எதற்கு பார்க்கிங் என்று கேட்டார்கள். உங்கள் வீட்டு டிரெட்மில் ஓடுகிறதா என்று நான் கேட்டேன். அதோடு அவர்களும் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

இடது லாக்குக்காக நான் போகாத இடம் இல்லை. ஒரு முறை இடது என்று சொல்லி ஒருவர் பார்சல் அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் வலது. ஆக என்னிடம் வலது இரண்டு ஆயிற்று. யாராவது இடது வைத்துக்கொண்டு வலது தேடினால் மாற்றிக்கொள்ளலாமே என்று, திருமுல்லைவாயிலில் ஒரு டிங்கரிங் கடையில் சொல்லி, என் நம்பரையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நம்பர் எத்தனை கை மாறியதோ தெரியவில்லை. அதிலிருந்து பழைய இரும்புக்காரர்களின் போன் தொல்லை தொடங்கியது. “சார், ஹெரால்டு ஒண்ணு சும்மா நிக்குதாமே, குடுக்குற ஐடியா கீதா?” என்று ஒருவன் ஆரம்பித்தான். அவனுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுத்தேன். அந்த நம்பரை ‘தொல்லை’ என்றே சேமித்து வைத்தேன். அடுத்த முறை எடுக்க வேண்டியதில்லை அல்லவா.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாக்கம் போவேன். அங்கே முகமது இஸ்மாயில் பழைய கார் சாமான் கடை வைத்திருக்கிறார். என் மேல் கோபப்படாத ஒரே மனிதர் அவர்தான். நான் கத்தினால் டீ சொல்லுவார்.

இந்த வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் பார்ட்டிதான். பார்ட்டியின் நம்பரையும் வீட்டையும் ஒரு புரோக்கர் இன்னொரு புரோக்கருக்குச் சொல்ல மாட்டார். சொன்னால் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு நேராகப் போய்விடுவார்களாம். இருக்கும் திசையைக்கூட மாற்றித்தான் சொல்லுவார்கள். இஸ்மாயில் பாய்க்கே நான் அம்பத்தூர்ப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். அதையும் அவர் வெளியே பூந்தமல்லி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், உங்களுக்கு ஒரு நியூஸ் கீது,” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “டில்லிபாபுன்னு நமக்குத் தெரிஞ்ச புரோக்கர். அவன்கிட்ட ஒரு ஹெரால்டு பார்ட்டி மாட்டிக்கீறாரு. ஆவடி சைடு. ஒரு பானெட் லாக் எக்ஸ்ட்ராவா வெச்சிகினு கீறாராம்.”

நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன். “இடதா, வலதா?”

“அதெல்லாம் தெரில சார். லாக்கு கீது. அவ்ளோதான் சொன்னான்.”

“கேக்கச் சொல்லுங்க பாய். என்கிட்ட வலது ஒண்ணு கூடுதலா இருக்கு, மாத்திக்கலாம்னு சொல்லுங்க.”

அடுத்த வாரம் போனபோது பாயின் முகம் சரியில்லை. “அவரு வாய் தொறக்கவே வுடல சார். மொத தபா போன் பண்ணப்பவே கழுவி ஊத்திட்டாராம். ரெண்டாவது தபா எடுக்கவே இல்லியாம். டில்லி ஆளு எப்டின்னு வாச்மேன்கிட்ட விசாரிச்சிக்கீறான். ஊட்ல தனியாத்தான் கீறாராம். எல்லார்கிட்டயும் சண்டையாம். யாரும் ஊட்டாண்ட போறதே கெடையாதாம். சாயங்காலம் ஆனா காரைத் தொடைச்சிகினு நிப்பாராம்.”

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு திமிரா? ஆனால் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, சாயங்காலம் காரைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஆள் மனதை விட்டுப் போகவில்லை. நானும் அதைத்தானே செய்கிறேன். துடைப்பதற்கு அதில் தூசியே இருக்காது. ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடியதும் வேறு எங்கே போவது என்று தெரியாது, அதனால் துடைப்பேன்.

அன்றிலிருந்து அவரோடு பேசத் தொடங்கினேன். மனதுக்குள்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவதை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்பேன். பின் சக்கரம் உள்ளே சாய்கிறதே, உங்களுக்கும் அப்படித்தானா என்பேன். மைதிலியைப் பற்றிக்கூட ஒரு நாள் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். குழம்பைச் சூடு செய்துகொண்டே வாய்விட்டுச் சிரித்தபோதுதான், எனக்கு அந்த லாக் இரண்டாம் பட்சமாகிவிட்டது என்று புரிந்தது. அந்த ஆளைப் பார்க்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பாயிடம் அதையே சொன்னேன். “லாக் வேண்டாம் பாய். எதுவும் கேக்க மாட்டேன். சும்மா வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்னு சொல்லச் சொல்லுங்க. நானும் தனியாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க.”

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சொல்றேன் சார்” என்றார்.

“இன்னொண்ணும் சொல்லச் சொல்லுங்க. இப்படி எல்லாரையும் துரத்திக்கிட்டே இருந்தா, ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா கஞ்சி குடுக்கக்கூட ஆள் இருக்காது. எதுக்கு இப்படி மனுஷங்களைப் பகைச்சுக்கணும்? யாராவது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?”

“கரீக்ட்டு சார்,” என்றார் பாய்.

அந்த வாரம் ‘தொல்லை’ இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். எடைக்கு எவ்வளவு தருவான் என்பதை நான் எதற்குக் கேட்க வேண்டும்? அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு போனால் பாய் கையை விரித்தார். “போன் எடுக்க மாட்டேன்றாராம். டில்லி வாய்ஸ் அனுப்பிப் பாத்தானாம், கேக்கவே இல்லியாம். வுடுங்க சார், இது ஒரு மாதிரி கேஸு.”

முன்பின் தெரியாத ஒருவர் கதவைச் சாத்தியதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே வியப்பு. “நேரா போயிடலாம் பாய்,” என்றேன். “நான்தான் எதுவும் வாங்கப் போறதில்லையே. இனிமே மறைக்க என்ன இருக்கு? டில்லிபாபுவை ஊட்டை மட்டும் காட்டச் சொல்லுங்க.” என் வாயிலும் ‘ஊடு’ வந்துவிட்டது. பாய் சிரித்துவிட்டார். அதனால்தானோ என்னவோ, சரி என்றார்.

அடுத்த ஞாயிறு சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினேன். கூடுதலாக இருந்த வலது லாக்கை பிராஸோ பாலிஷ் போட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளட்டும். பாயை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் வாசலில் சூடாகப் பக்கோடா வாங்கினேன். டில்லிபாபு பைக்கில் காத்திருந்தார். ஒல்லியான ஆள், எதிலும் அவசரம்.

“நீங்கதான் பூந்தமல்லி சாரா?” என்றார். பாய் முந்திக்கொண்டு “ஆமா” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு யாரையும் பகைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

ஆவடிப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால் டில்லிபாபு அம்பத்தூர்ப் பக்கம் திரும்பினார். பின்னாலேயே போனோம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் வந்தது. அங்கிருந்து கள்ளிக்குப்பம் போகும் சாலையில் பைக் இறங்கியது.

“பாய், எங்க ஏரியாவுக்கே வந்துட்டோம்!” என்று கத்தினேன்.

“பாத்தீங்களா சார், பக்கத்துலயே வெச்சிகினு எங்கெல்லாம் தேடினீங்க!”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடந்து போகும் தூரத்தில் இருக்கிறாரே மனிதர்! ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் போதும். இட்லி மாவு மிஞ்சினால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தால் ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொள்ளலாம். நான் தினமும் பால் வாங்கும் கடையைத் தாண்டினோம். இந்தக் கடையில் அவரும் பால் வாங்குவார், நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்கூட நின்றிருப்போம்.

டில்லிபாபு இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தி, எதிரே இருந்த கேட்டைக் காட்டினார்.

“அதோ பாருங்க, சாம்பல் கலர் கவர் போட்டு நிக்குதே. மொத மாடி. நான் வர்ல சார், என் கொரலக் கேட்டாலே எகிறுவாரு. நீங்க பொறுமையாப் பேசுங்க.”

நான் அவர் கை காட்டிய இடத்தைத் தாண்டிப் பார்த்தேன். அடுத்த கட்டடத்தையும் பார்த்தேன். வேறு எந்தக் காரும் கவர் போட்டு நிற்கவில்லை. கவரின் இடது ஓரத்தில் தேங்காய் நார்க் கயிற்றின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மாலை நான்தான் அதைக் கட்டினேன்.

“இன்னா சார், பயமா கீதா?” என்றார் பாய்.

தலையை ஆட்டிவிட்டு, பக்கோடாப் பொட்டலத்தோடு ரோட்டைக் கடந்தேன். வாச்மேன் வழக்கம்போல எழுந்து கேட்டைத் திறந்தார். “பார்றா, வாச்மேன் வுட்டுட்டான்!” என்று டில்லிபாபு சொல்வது பின்னால் கேட்டது.

மாடி ஏறி, கதவைத் திறந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொட்டலத்தையும் லாக்கையும் மேசையில் வைத்தேன். பிறகு போனை எடுத்து ‘தொல்லை’யின் வாய்ஸ் மெசேஜைத் தட்டினேன்.

“சார், நான் டில்லிபாபு பேசறேன். எகிறாதீங்க சார், முழுசா கேளுங்க. நான் காரை வாங்க வர்ல. பூந்தமல்லி சைடுல ஒருத்தரு கீறாரு. அவராண்டயும் இதே வண்டிதானாம். ஒண்ணும் வாணாமாம் சார். சும்மா வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்றாரு. அவரும் தனியாத்தான் கீறாராம். இப்டியே எல்லாரையும் தொரத்திகினு இருந்தா, காய்ச்சல்ல படுத்தா கஞ்சி குடுக்கக்கூட ஆள் இருக்காதுன்னு சொல்லச் சொன்னாரு. கோச்சிக்காதீங்க சார், அவரு சொன்னததான் சொன்னேன். நல்ல மனுஷன் மாதிரி கீது. ஒரு தபா பாருங்களேன்.”

மறுபடியும் போட்டுக் கேட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

போன் அடித்தது. இஸ்மாயில் பாய், கீழேயிருந்து.

“இன்னா சார், உள்ள வுட்டாரா?”

“விட்டுட்டார் பாய்.”

“மாஷா அல்லாஹ்! லாக்கு இன்னா ஆச்சு?”

மேசையைப் பார்த்தேன். “அவர்கிட்ட இருக்கறதும் வலதுதான்.”

“அப்போ வேலைக்கு ஆவாது சார். வந்துடுங்க, போலாம்.”

“இல்ல பாய். நீங்க கெளம்புங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். மனுஷன் ரொம்பத் தனியா இருக்கார்.”

“செரி சார், இருங்க,” என்றார் பாய். “பேசிகினு இருங்க. அவருக்கும் ஒரு ஆள் வேணும்ல.”

போனை வைத்தேன். எதிர் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து அதில் உட்கார்ந்தேன். பக்கோடா இன்னும் சூடாகத்தான் இருந்தது.