தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று

"அம்மாவோட டெலஸ்கோப் எவ்வளவு வெயிட் சார்?" என்று கூட வந்த மகனைப் பார்த்துக் கடைக்காரர் கேட்டார்.

டெலஸ்கோப்புக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி நிற்கிறாள். காது நன்றாகக் கேட்கிறது, வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். பெரிய டாக்டர்களையே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று அதட்டியவள். எக்ஸ்ரேக்கா என்றால் அங்கே எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. ஓய்வு பெற்றதுதான் தாமதம், போகிற இடமெல்லாம் அவளைப் பற்றி மகனிடம்தான் விசாரிக்கிறார்கள்.

"மூணு கிலோ," என்றாள், மகன் வாயைத் திறப்பதற்குள். "எண்பது மில்லிமீட்டர் லென்ஸ், குட்டைக் குழாய். அதை நிக்க வைக்க ஒரு மவுண்ட் வேணும். பஸ்ல நானே தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

கூட வேலை பார்த்தவர்கள் பிரிவு விழாவில் கொடுத்த பரிசு அது. குழாயை மட்டும் வாங்கினார்கள். அது எதன்மேல் உட்காரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலங்களில் நாலு பேர் கடைசி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போய் வானம் பார்க்கிறார்கள். அவளும் இரண்டு தடவை போய், அடுத்தவர் டெலஸ்கோப்புக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தாள். இனி அங்கே தன்னுடையதோடுதான் போவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

கடைக்காரர் எடுத்து வைத்ததோ மோட்டாரும் இரும்பு எடைகளும் தொங்குகிற ஒரு பூதம். மொத்தம் இருபத்திரண்டு கிலோ.

"பத்து கிலோ டெலஸ்கோப்பையே தாங்கும் சார். போன்ல தட்டினா போதும், அதுவே தேடிப் பிடிச்சுக் காட்டும்."

"மொட்டை மாடில நிரந்தரமா வெச்சிடலாம்மா," என்றான் மகன். "நீ கீழ ஹால்ல உக்காந்து போன்லயே பாக்கலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் பார்க்கிறதற்கு டெலஸ்கோப் எதற்கு? மாடியைச் சுற்றி நாலு பக்கமும் விளக்கு, நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது. அது அவனுக்கும் தெரியும். மவுண்ட் எவ்வளவு தாங்கும் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்களே, மவுண்ட்டைத் தூக்குகிறவள் எவ்வளவு தாங்குவாள் என்று ஒருத்தனாவது கேட்டானா?

"இதை யாருடா தூக்குறது?"

"நான் தூக்கித் தரேன்மா."

சமையலறையில் ஒரு பல்பு மாட்ட ஆறு வாரம் எடுத்துக்கொண்டவன் சொல்கிறான்!

"லேசானது ஒண்ணும் இல்லையா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"ஸ்டாக் இல்லைம்மா," என்றவர் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஆடிவிட்டு, அசையவே இல்லை என்று அடித்துச் சொன்ன நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் அவள். சுற்றிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். கீழ்த்தட்டில் எங்கும் தூசி. நடுவில் மூன்று இடம் மட்டும் பெட்டி அளவுக்குப் பளிச்சென்று இருந்தது.

"இங்க இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "சார்தான் நேத்து போன் பண்ணி, லேசானதெல்லாம் உள்ள எடுத்து வைக்கச் சொன்னாரும்மா."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏன்டா?"

"லேசானது ஆடும்மா," என்று அவன் பூசி மெழுகினான். "தொட்டாலே படம் நிக்காது. உனக்குச் சரிப்படாதுன்னுதான்..."

"எடுத்துட்டு வாங்க," என்றாள் கடைக்காரரிடம்.

வந்தது. கையாலேயே மேலும் கீழும், பக்கவாட்டிலும் திருப்புகிற சின்ன மவுண்ட். காலோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ. கால்களை முழுக்க நீட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாயை மாட்டி, ஜன்னல் வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் எழுத்துகளைப் பிடித்தாள். விரலால் குழாயை ஒரு தட்டு தட்டி எண்ணினாள். எழுத்துகள் நிற்க ஐந்து விநாடி ஆனது.

"பாத்தியா!" மகன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

மூன்று கால்களையும் பாதிக்கு இறக்கினாள். அவற்றின் நடுவிலிருந்த கொக்கியில் தன் கைப்பையை மாட்டினாள். ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து மறுபடி தட்டினாள். ஒன்று, இரண்டு. எழுத்துகள் நின்றுவிட்டன.

"எட்டிப் பாரு. இப்ப ஆடுதா?"

அவன் எட்டிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"தூக்கிட்டுப் போற மாதிரி வாங்கினா நீ போயிடுவேம்மா."

"பின்ன? அதுக்குத்தானே வாங்குறேன்?"

"சனிக்கிழமை உன் மருமகளுக்கு டியூட்டி. எனக்கு ஷட்டில் மேட்ச். குழந்தையை யாரு பாத்துக்கிறது?"

இவ்வளவுதான். உடம்பைப் பற்றிய கவலை இல்லை, ஏரிக்கரை இருட்டைப் பற்றிய பயம்கூட இல்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவளுக்குக் கசக்கிறதா? அவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை மனசாரக் கொடுத்திருப்பாள். இவன் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பெற்றவளிடமிருந்து பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறான்!

"உன் பிள்ளையை நீ பாத்துக்கோ," என்றாள். "மேட்ச்சுக்கும் தூக்கிட்டுப் போ. அவ பன்னெண்டு கிலோதான் இருக்கா."

கடைக்காரர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டார். "இதையே பேக் பண்ணிடட்டுமா சார்?"

"என்கிட்ட கேளுங்க!"

"பண்ணிடட்டுமாம்மா?"

"பண்ணுங்க."

குழாயை ஒரு தோளிலும் மவுண்ட்டை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படி இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. மகன் பதறிப்போய்க் கை நீட்டினான். அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள். அது தானாகவே இறங்கியது. கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி நின்றாள். வலி குறைந்ததும் மறுபடி இறங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான்.

தெருவுக்கு வந்ததும் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள். கார் எதிர்ப்பக்கம் நின்றது.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கும்மா திரும்பி வருவே?" என்று அவன் பின்னாலிருந்து கேட்டான்.

"வந்தப்புறம் சொல்றேன்," என்றாள் எக்ஸ்ரேக்கா.